ஏர்லிஃப்ட் பம்ப்: 4 மீட்டர் வட்டத் தொட்டிக்கு எத்தனை அங்குல பைப், எவ்வளவு காற்று?

#1 கொள்ளிடக்கரை

வணக்கம். வடிகட்டி வைத்து நீரைச் சுற்றவிடும் தொட்டி ஒன்றுக்கு மோட்டாருக்குப் பதிலாக ஏர்லிஃப்ட் போட நினைக்கிறேன். விவரம்: தார்ப்பாலின் வட்டத் தொட்டி, விட்டம் 4 மீட்டர், நீர் உயரம் 1 மீட்டர், ஆக 12,500 லிட்டர். மீன் கிஃப்ட் திலேப்பியா. அறுவடைக்கு முன் தொட்டியில் 300 கிலோ வரை இருக்கும். தீவனம் 30 சதவீதப் புரதம். நீர் தொட்டியின் நடுவிலிருந்து கசடு டிரம்முக்கும், அங்கிருந்து மீடியா (பாக்டீரியா குடியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள்) டிரம்முக்கும் போய், ஏர்லிஃப்ட் வழியாகத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

டிரம்களை 60 செ.மீ. உயர மேடையில் வைத்து, ஏர்லிஃப்ட்டால் நீரை மேலே ஏற்றி, அங்கிருந்து தானாகத் தொட்டிக்கு இறங்கவிடலாமா? பைப் 2 அங்குலமா, 4 அங்குலமா? காற்று தள்ள 1 எச்.பி. ரிங் ப்ளோயர் (சக்கரம் சுழன்று காற்று ஊதும் இயந்திரம்) போதுமா? ஏர்லிஃப்ட்டே காற்றையும் கொடுத்துவிடும், தனியாகக் காற்றுக்கல் வேண்டாம் என்கிறார்களே, சரியா?

#2 நீர்மட்டம்

முதலில் அந்த மேடையைக் கைவிடுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏர்லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது? பைப்புக்குள் காற்றுக் குமிழிகள் கலந்ததும் உள்ளே இருக்கும் நீர்த்தூண் லேசாகிவிடுகிறது. வெளியே உள்ள கனமான நீர் அதைக் கீழிருந்து தள்ளி மேலே ஏற்றுகிறது. தள்ளும் சக்தி முழுக்க, காற்று விடும் இடத்துக்கு மேல் எவ்வளவு ஆழம் நீர் நிற்கிறது என்பதிலிருந்து வருகிறது. அந்த ஆழத்தை, காற்று விடும் இடத்திலிருந்து நீர் வெளியேறும் வாய் வரையுள்ள மொத்த உயரத்தால் வகுத்தால் கிடைப்பது மூழ்கு விகிதம்.

உங்கள் தொட்டியில் 90 செ.மீ. ஆழத்தில் காற்று விடுவதாக வைத்துக்கொள்வோம். மேடைக்கு 60 செ.மீ. ஏற்றினால் 90/150, அதாவது 60 சதவீதம். எல்லா டிரம்மும் ஒரே மட்டத்தில் இருந்து 5 செ.மீ. மட்டும் ஏற்றினால் 90/95, ஏறக்குறைய 95 சதவீதம். 60 சதவீதத்தில் ஒரு லிட்டர் காற்றுக்கு ஒரு லிட்டர் நீர்கூடத் தேறாது. அதுவும் துப்பித் துப்பி வரும். 95 சதவீதத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 2 லிட்டர் நீரை நகர்த்தும்.

1797-இல் ஜெர்மனியில் கார்ல் லோஷர் இந்த முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். ஆழக் கிணறுகளில் நீரை மேலே கொண்டுவரவும் இது பயன்பட்டது, ஆனால் அங்கே பைப் பல மீட்டர் ஆழத்துக்கு மூழ்கியிருக்கும். ஒரு மீட்டர் தொட்டியில் அந்த வசதி நமக்கு இல்லை. இங்கே ஏர்லிஃப்ட்டை நீரை நகர்த்தும் சாதனமாக மட்டும் பாருங்கள். எல்லாக் கலங்களையும் ஒரே தரையில், ஒரே நீர்மட்டத்தில் வையுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: கரண்ட் போனால் எந்த டிரம்மும் வழியாது, தொட்டியும் வற்றாது. எல்லாம் ஒரே மட்டத்தில் அப்படியே நிற்கும்.

#3 தீவனக்கணக்கு

எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதைத் தீவனம்தான் சொல்லும். பைப் அளவு அதற்குப் பிறகு.

300 கிலோ மீனுக்கு 2 சதவீதம் தீவனம், நாளுக்கு 6 கிலோ. தீவனம் 6 கிலோ, புரதம் 0.30, புரதத்தில் அம்மோனியா நைட்ரஜனாக வெளிவரும் பங்கு 0.092: 6 × 0.30 × 0.092 = 0.166. அதாவது நாளுக்கு 166 கிராம் மொத்த அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும். தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி.க்கு மேல் போகக் கூடாது; மீடியா டிரம் ஒரு சுற்றில் 40 சதவீதத்தை மாற்றிவிடும் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் நீர் ஒரு முறை போய் வந்தால் 0.8 மி.கி. குறையும். 1,66,000 மி.கி.யை 0.8-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 2,07,000 லிட்டர், நிமிடத்துக்கு 144 லிட்டர். தொட்டி நீர் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு முறை சுற்றி வந்துவிடும்.

மீடியா: ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்புள்ள வகை என்றால் 700 முதல் 800 லிட்டர் மீடியா. டிரம்மில் 60 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் சுழலாது. ஆகவே மீடியா கலம் 1,300 லிட்டராவது இருக்க வேண்டும். 200 லிட்டர் நீல டிரம் இந்த அளவு மீனுக்கு உதவாது. கசடு கலத்துக்கும் அதே கதைதான். நிமிடத்துக்கு 144 லிட்டர் 200 லிட்டர் டிரம்முக்குள் போனால் ஒன்றரை நிமிடம்கூட நிற்காமல் வெளியேறும், எச்சம் படியவே படியாது. நடுவில் இறங்கி ஓரத்தில் வழியும் வகையில் செய்து, விட்டம் 1 மீட்டருக்குக் குறையாத 1,000 லிட்டர் வட்ட டேங்க் வையுங்கள்.

#4 நீர்மட்டம்

கொள்ளிடக்கரை முதலில் சொன்ன வரிசையை மாற்றவே கூடாது. கசடு கலம் முதலில், ஏர்லிஃப்ட் கடைசியில். சுழலும் மோட்டார் பம்பைவிட ஏர்லிஃப்ட் மென்மையானதுதான். ஆனாலும் எச்சத்தை முதலில் ஏர்லிஃப்ட்டில் விட்டால் குமிழிகள் அதை உடைத்துத் தூளாக்கிவிடும். தூளானது பிறகு எங்கேயும் படியாது.

#5 பைப்லைன்

செய்முறை சொல்கிறேன். 144 லிட்டருக்கு 4 அங்குலம் ஒன்றே போதும், ஆனால் 3 அங்குலம் (90 மி.மீ. பைப்) இரண்டு போடுங்கள். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். சுத்தம் செய்ய ஒன்றை நிறுத்தும்போது மீனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 35 முதல் 40 லிட்டர் காற்று, அதில் 75 லிட்டர் நீர் தாராளமாக வரும்.

மீடியா கலத்துக்குப் பிறகு சல்லடை போட்டுப் பிரித்த சிறு அறையில் பைப்பை நிறுத்துங்கள். கீழ்வாய் தரையிலிருந்து 8 செ.மீ. மேலே. பைப்பின் மேல்முனையில் எல்போ போடுவதுதான் பலர் செய்யும் வழக்கம். அதை விட்டு டி போடுங்கள். டி-யின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும், பக்கவாய் வழியே நீர் தொட்டிக்குப் போகட்டும். இதில் இரண்டு லாபம். காற்று மேலே பிரிந்து போய்விடும். படுக்கையான பைப்பில் நீர் மட்டும் ஓடும். எல்போ போட்டால் காற்றும் நீரும் சேர்ந்து படுக்கைப் பைப்பில் நுழையும், காற்று மேற்பக்கம் தேங்கி நீரின் வழியைப் பாதியாகக் குறைக்கும். ஓட்டம் விட்டு விட்டு வருவதற்குப் பாதி இடங்களில் இதுதான் காரணம். இரண்டாவது லாபம், காற்றுக் குழாயை அந்தத் திறந்த வாய் வழியே உள்ளே இறக்கலாம், வேண்டும்போது உருவியெடுத்துக் கழுவலாம்.

காற்றுக் குழாய்: அரை அங்குல பி.வி.சி., அடியில் எண்ட் கேப். கேப்புக்கு மேல் 8 செ.மீ. நீளத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. ஓட்டை 12. கீழ் ஓட்டை, ஏற்றும் பைப்பின் கீழ்வாயிலிருந்து 8 செ.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். வாய்க்கு மிக அருகில் விட்டால், வால்வைக் கொஞ்சம் கூடத் திறந்ததும் குமிழி கீழே வழிந்து வெளியே ஓடிவிடும், அந்தக் காற்று வீண்.

பக்கவாய் முடியும் இடத்தில், குழாயின் அடிப்பகுதி தொட்டி நீர்மட்டத்துக்கு 2, 3 செ.மீ. கீழே இருக்கட்டும். பாதி நீருக்குள், பாதி வெளியே என்று நிற்கும். முழுக்க வெளியே தூக்கி வைத்தால் அருவி போல அழகாக விழும், ஆனால் ஒவ்வொரு செ.மீ. உயர்வும் ஓட்டத்தில் கழியும். படுக்கைப் பைப் 1 மீட்டருக்குள், 4 அங்குலத்தில், மட்டமாக. முனையில் 45 டிகிரி பெண்ட் போட்டுச் சுவரை ஒட்டித் திருப்பினால் தொட்டி நீர் வட்டமாகச் சுழன்று எச்சத்தை நடுவுக்குக் கொண்டுவரும்.

தொட்டியிலிருந்து நீர் போகும் வாயில் வலை கட்டும்போது கஞ்சத்தனம் கூடாது. 144 லிட்டருக்கு வலையின் திறந்த பரப்பு 500 சதுர செ.மீ. இருந்தால் இழுவை விநாடிக்கு 5 செ.மீ.க்குள் நிற்கும், குஞ்சு ஒட்டிக்கொள்ளாது. 4 அங்குலப் பைப் வாயில் நேராக வலை கட்டினால் அது வெறும் 80 சதுர செ.மீ.தான். பைப்பின் பக்கவாட்டில் நீளவாக்கில் பிளவு போட்டுப் பரப்பைக் கூட்டுங்கள்.

#6 வைகைக்கரை

அண்ணா, ஓட்டைக் குழாய்க்குப் பதில் காற்றுக்கல்லை உள்ளே போட்டால் குமிழி சின்னதாக வருமே, நீரும் கூட ஏறாதா?

#7 பைப்லைன்

இந்த அளவுப் பைப்பில் குமிழி சிறியதானால் நீர் ஓட்டம் கொஞ்சம் கூடலாம். ஆனால் கல்லின் எதிர்ப்பு 20 முதல் 40 மில்லிபார் வரை அழுத்தத்தைத் தின்னும். அழுக்கு ஏற ஏற அது இன்னும் கூடும். எச்சத் துகள் ஓடும் இடத்தில் கல் சீக்கிரம் பாசி பிடித்து அடைக்கும். 3 மி.மீ. ஓட்டை அடைபடவே நாளாகும், அடைத்தாலும் கம்பியால் குத்திவிடலாம். நீரை நகர்த்த ஓட்டைக் குழாய், ஆக்சிஜன் கரைய நுண்குமிழி. இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

#8 கொள்ளிடக்கரை

மேடை வேண்டாம், புரிந்தது. நன்றி. ஆனால் கடைசியில் சொன்னது எனக்கு முக்கியம். ஏர்லிஃப்ட் நிமிடத்துக்கு 80 லிட்டர் காற்றை நீருக்குள் விடுகிறதே, அதுவே தொட்டிக்குப் போதாதா?

#9 தீவனக்கணக்கு

போதாது. பத்தில் ஒரு பங்குகூட வராது. கணக்கைப் பாருங்கள்.

மீன் ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் அரை கிலோ ஆக்சிஜன் எடுக்கும். 6 கிலோவுக்கு 3 கிலோ. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன். 166 கிராமுக்கு முக்கால் கிலோ. கசடில் வாழும் பாக்டீரியாவையும் சேர்த்து நாளுக்கு 4 கிலோ என்று வையுங்கள்.

ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 276 கிராம். 80 லிட்டர் காற்று நாள் முழுக்க ஓடினால் 115 கன மீட்டர், அதில் ஏறக்குறைய 32 கிலோ ஆக்சிஜன். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் 90 செ.மீ. ஆழத்தில் பெருங்குமிழியிலிருந்து கரைவது 1 சதவீதம் அளவுக்குத்தான். காரணம், ஏர்லிஃப்ட்டில் நீரே குமிழியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. குமிழி நீருக்குள் நிற்கும் நேரம் இரண்டு மூன்று விநாடி. நம் ஊர் வெயிலில் நீர் 30 டிகிரி இருந்தால் அதில் கரையக்கூடிய உச்ச அளவே லிட்டருக்கு 7.56 மி.கி. தொட்டியில் 4 மி.கி. இருக்கும்போது இடைவெளி மூன்றரைதான், இழுக்கும் வேகமும் அதற்கேற்றபடிதான். ஆக ஏர்லிஃப்ட் தருவது நாளுக்கு 300 கிராம் சொச்சம்.

மீதி 3.7 கிலோவுக்கு நுண்குமிழி வேண்டும். கறுப்பு நானோ டியூப் வளையம் (நுண்துளைகள் வழியே காற்று விடும் ரப்பர் குழாய்) 1 மீட்டர் ஆழத்தில் 2 சதவீதம் கரைக்கும் என்று கொண்டால், நாளுக்கு 670 கன மீட்டர், நிமிடத்துக்கு 465 லிட்டர் காற்று. மீடியா கலத்தைச் சுழற்ற 80 முதல் 100 லிட்டர். ஏர்லிஃப்ட்டுக்கு 80. மொத்தம் 650 லிட்டர் பக்கம், மணிக்கு 39 கன மீட்டர்.

#10 குளத்துமேடு

இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. பயோஃப்ளாக் (கழிவை நீரிலேயே பாக்டீரியாத் திரளாக மாற்றும் முறை) தொட்டிகளில் சுற்றிலும் ஏர்லிஃப்ட் மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள், மீன் நன்றாகத்தான் இருக்கிறது. ஏர்லிஃப்ட்டின் பலன் குமிழியில் மட்டும் இல்லை. அடியில் உள்ள ஆக்சிஜன் குறைந்த நீரை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பரப்புகிறது. மேற்பரப்பு ஓயாமல் புரள்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. இதையெல்லாம் 1 சதவீதம் என்று அடக்குவது நியாயமில்லை.

#11 தீவனக்கணக்கு

கரியமில வாயு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழு உண்மை. நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் ஆக்சிஜன் சரியாக இருந்தும் மீன் மந்தமாக இருப்பதற்கு அது ஒரு காரணம், பெருங்குமிழியும் புரளும் மேற்பரப்பும் அதை நன்றாக வெளியேற்றும். மேற்பரப்பு வழியே கரையும் ஆக்சிஜனையும் சேருங்கள். இரட்டிப்பாக்கிக்கொண்டாலும் நாளுக்கு 600, 700 கிராம்தான்.

நீங்கள் சொல்லும் தொட்டிகளில் எத்தனை கிலோ மீன், எத்தனை கிலோ தீவனம்? இதே 12,500 லிட்டரில் நாளுக்கு ஒரு கிலோ தீவனம் போகும் நிலையில் ஏர்லிஃப்ட் மட்டும் வைத்துச் சமாளிக்கலாம். குஞ்சு விட்ட முதல் மாதங்களில் எல்லாத் தொட்டியும் அப்படித்தான் இருக்கும். மீன் வளர்ந்து தீவனம் 4, 5 கிலோவைத் தொடும்போதுதான் விடியற்காலையில் வாய் திறந்து மேலே நிற்கும். காற்றின் அளவை இன்றைய மீனுக்குப் போடாமல் அறுவடை வாரத்துத் தீவனத்துக்குப் போட வேண்டும்.

#12 குளத்துமேடு

ஆமாம், நான் சொன்னவை குறைந்த இருப்பில் ஓடுபவை, தீவனம் ஒன்றரை கிலோவுக்குள். அந்த அளவில் ஏர்லிஃப்ட்டும் மேற்பரப்புப் புரள்வும் போதும் என்பதில் மாற்றமில்லை. 300 கிலோவுக்கு வளையம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

#13 காற்றழுத்தம்

ப்ளோயர் பற்றி யாரும் தொடவில்லை. வாங்கும்போது எச்.பி.யைப் பார்க்காதீர்கள், அழுத்தத்துக்கு எதிரே எவ்வளவு காற்று தரும் என்ற வளைகோட்டைக் கேளுங்கள்.

10 செ.மீ. நீர் ஆழம் என்பது சுமார் 10 மில்லிபார். 1 மீட்டர் அடியில் வளையம் கிடந்தால் 98. டியூப்பின் எதிர்ப்பு 20 முதல் 40. பைப், வால்வு, வளைவு எல்லாம் சேர்த்து 10. ஆக 130 முதல் 150 மில்லிபார். 1 எச்.பி. ஒற்றை நிலை ரிங் ப்ளோயர்களில் பலவற்றின் உச்சமே 150, 160 பக்கம்தான். பெட்டியில் மணிக்கு 140 கன மீட்டர் என்று எழுதியிருப்பது எதிர்ப்பே இல்லாதபோது. உச்சத்தை நெருங்கி ஓட்டினால் காற்றும் குறையும், உடலும் கொதிக்கும், பேரிங் போகும். வளையத்தைத் தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கிக் கட்டுங்கள். பைப் 2 அங்குலத்துக்குக் குறையாமல் எடுத்துத் தொட்டியைச் சுற்றி முழு வளையமாக இணைத்துவிடுங்கள், இரு பக்கமிருந்தும் காற்று வரும்.

ப்ளோயர் வாயிலிருந்து முதல் 2, 3 மீட்டர் ஜி.ஐ. பைப். வெளிவரும் காற்று 60, 70 டிகிரி வரை போகும், பி.வி.சி. இளகி ஜாயின்ட் கழன்றுவிடும். மெயின் லைனில் ஒரு ரிலீஃப் வால்வு (அழுத்தம் கூடினால் தானே திறப்பது) கட்டாயம். எல்லா வால்வையும் மூடிச் சோதிக்கிறேன் என்று மூடினால் மோட்டார் எரியும். ப்ளோயரை நீர்மட்டத்துக்கு அரை மீட்டராவது மேலே வையுங்கள், கூடவே நான்-ரிட்டர்ன் வால்வு. கரண்ட் நின்றதும் தொட்டி நீர் காற்றுக் குழாயில் பின்னோக்கி ஏறி ப்ளோயருக்குள் போகக் கூடாது.

இன்னொன்று. ஒரே லைனில் வளையமும் ஏர்லிஃப்ட்டும் இருந்தால் காற்று ஆழம் குறைந்த பக்கமே போகும். 5 செ.மீ. வித்தியாசம் போதும், மொத்தக் காற்றும் அந்த வாயில் கொட்டும், வளையம் செத்துக் கிடக்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனி பால் வால்வு வைத்து, ஆழம் குறைந்த கிளையின் வால்வை இறுக்கிக்கொண்டே வர வேண்டும்.

#14 பைப்லைன்

அதனால்தான் இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. வளையத்துக்கும் மீடியாவுக்கும் ரிங் ப்ளோயர். ஏர்லிஃப்ட்டுக்கு மட்டும் நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் டயாஃப்ரம் பம்ப் (ரப்பர் படலம் அதிர்ந்து காற்று தள்ளுவது), அது இன்வெர்ட்டரில். 90 செ.மீ. ஆழம் அதற்குப் பெரிய விஷயமில்லை. ரிங் ப்ளோயர் 24 மணி நேரத்துக்கு 18 யூனிட் இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதை நெடுநேரம் தாங்காது. டயாஃப்ரம் பம்ப்பைத் தாங்கும். நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் ரப்பர் சீக்கிரம் கிழியும். மாற்று ரப்பர் ஒரு செட் கையில் இருக்கட்டும்.

#15 தீவனக்கணக்கு

அதோடு இதையும் கணக்கில் வையுங்கள். 4 கிலோவை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 167 கிராம். 12,500 லிட்டரில் லிட்டருக்கு மணிக்கு 13 மி.கி. தொட்டியில் 5 மி.கி. இருக்கும்போது கரண்ட் போனால் 2 மி.கி.க்கு இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஏர்லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் சற்றே நீளும், அவ்வளவுதான். 300 கிலோ இருப்புக்குத் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் அல்லது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். தீவனம் போட்ட ஒரு மணி நேரத்தில் மீன் இழுக்கும் ஆக்சிஜன் இன்னும் கூடும். கரண்ட் நிலையில்லாத வேளையில் தீவனத்தைத் தள்ளிப் போடுங்கள்.

#16 வைகைக்கரை

விரால் தொட்டிக்கும் இதே அளவு காற்றுதானா?

#17 குளத்துமேடு

விரால் மேலே வந்து காற்றை நேராக எடுத்துக்கொள்ளும். அங்கே முதலில் இடிப்பது அம்மோனியா, ஆக்சிஜன் அல்ல. அதனால் நீர் சுற்றுக்கு ஏர்லிஃப்ட், மீடியா கலத்துக்குக் காற்று, தொட்டிக்கு லேசான வளையம் போதும். மீடியாவில் உள்ள பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம் என்பதை மறக்காதீர்கள். முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வேகமாகச் சுழற்ற வேண்டாம், விரால் நிற்கும் நீரை விரும்பும் மீன். மேலே வலை மூடியிருக்க வேண்டும், நீர் விழும் சத்தத்துக்கு எதிர்நீச்சலாகத் துள்ளும்.

#18 ஏரிப்பாசனம்

ஒரு ஏக்கர் மண்குளம், 1.5 மீட்டர் ஆழம், கெண்டை வகைகள். துடுப்புச் சக்கர ஏரேட்டருக்குப் பதில் வரிசையாக 4 அங்குல ஏர்லிஃப்ட் போட்டால் கரண்ட் மிச்சமாகுமா?

#19 நீர்மட்டம்

ஆக்சிஜனுக்காக என்றால் மிச்சமாகாது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாட் பாய்ட் தொகுத்த ஒப்பீட்டில் துடுப்புச் சக்கரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 2.2 கிலோ ஆக்சிஜன் கரைக்கும், அடியில் காற்று விடும் முறை 0.9 கிலோ. அதுவும் ஆக்சிஜனே இல்லாத சுத்தமான நீரில், 20 டிகிரியில். ஆழமில்லாத குளத்தில் குமிழி முறைக்கு இதுதான் எல்லை. விடியற்காலை நெருக்கடிக்குத் துடுப்புச் சக்கரம்தான்.

ஏர்லிஃப்ட் குளத்தில் உதவுவது வேறு வேலைக்கு. பகலில் மேல்நீரில் பாசி ஆக்சிஜனை அளவுக்கு மேல் உண்டாக்கும், அடிநீர் ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும். உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் ஏர்லிஃப்ட் ஓட்டி இரண்டையும் கலந்தால் அந்த ஆக்சிஜன் அடிவரை போய்ச் சேரும். ஆனால் பல மாதம் கலக்காமல் கிடந்த குளத்தில் திடீரென்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். அடிக்கசடின் கெட்ட வாயுவும் ஆக்சிஜனற்ற நீரும் ஒரே மூச்சில் மேலே வந்தால் மீன் தாங்காது. நடுப்பகலில், முதல் நாள் அரை மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

குளத்துக்குள் ஏர்லிஃப்ட்டை முழுவீச்சில் பயன்படுத்த இன்னொரு முறை உண்டு. அதே ஆபர்னில் கெளுத்தி வளர்ப்புக்காக உருவானது: குளத்துக்குள் நீண்ட தடுப்பறைகள் கட்டி மீனை அதற்குள் மட்டும் நெருக்கமாக வளர்ப்பார்கள். அறையின் தலைப்பில் டியூப் சட்டகமும் வளைந்த மறைப்பும் சேர்ந்த ஏர்லிஃப்ட், மேலேறும் நீரைப் படுக்கைவாக்கில் திருப்பி அறை முழுக்கத் தள்ளும். எச்சம் மறுமுனையில் படியும், அங்கிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். சீனாவில் இது நிறைய பரவியிருக்கிறது. ஒரு ஏக்கருக்கு அந்தக் கட்டுமானச் செலவு கட்டுபடியாகுமா என்பதை முதலில் போட்டுப் பாருங்கள்.

#20 கொள்ளிடக்கரை

அமைத்த பிறகு உண்மையிலேயே 75 லிட்டர் வருகிறதா என்று எப்படி அளப்பது? வாய் பாதி நீருக்குள் இருக்கிறதே, வாளி பிடிக்க முடியாது. காலப்போக்கில் ஓட்டம் குறைந்தால் எங்கே தேடுவது?

#21 பைப்லைன்

பெரிய பாலிதீன் பையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே 50 லிட்டர் நீர் ஊற்றி, அது நிறையும் அளவில் ஒரு கோடு போடுங்கள். பையைக் காற்றில்லாமல் நசுக்கி நீருக்குள் வைத்தபடி வாயில் மாட்டி, போன் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். 40 விநாடியில் கோட்டைத் தொட்டால் நிமிடத்துக்கு 75. பையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், தூக்கினால் எதிரழுத்தம் ஏறி அளவு பொய்யாகும்.

வால்வை முழுக்கத் திறந்துவிட்டு அளக்கத் தொடங்காதீர்கள். கால், அரை, முக்கால் என்று திறந்து ஒவ்வொரு நிலையிலும் அளந்தால், ஒரு கட்டம் வரை நீர் கூடும், பிறகு நின்றுவிடும், அதற்கு மேல் குறையத் தொடங்கும். பைப்பில் பாதிக்கு மேல் காற்றே நிரம்பினால் நீருக்கு இடமேது? துப்பல் சத்தம் கேட்டால் காற்று கூடுதல் என்று அர்த்தம். நீர் கூடுவது நின்ற இடத்துக்குச் சற்று முன்பே வால்வை நிறுத்தி, பெயிண்டால் குறி வையுங்கள்.

ஓட்டம் குறைந்தால் முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். ஆவியாகியோ கசிந்தோ ஏர்லிஃப்ட் அறையில் 5 செ.மீ. இறங்கியிருந்தால் ஏற்றும் உயரம் இரட்டிப்பாகிவிட்டது. எல்லாக் குறைவும் கடைசி அறையில்தான் தெரியும், தொட்டியில் தெரியாது. தொட்டி சரியாக இருந்து அந்த அறை மட்டும் தாழ்ந்திருந்தால் இடையில் ஏதோ சல்லடை அடைத்திருக்கிறது, பெரும்பாலும் மீடியா சல்லடை. அதுவும் சரி என்றால் காற்றுக் குழாயை உருவிப் பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தும் காற்று பலவீனமாக வந்தால் ப்ளோயரின் உறிஞ்சும் ஃபில்டர், அல்லது டயாஃப்ரம் ரப்பர். கடைசியாக ஏற்றும் பைப்பின் உள்சுவர்: வழவழப்புப் படலம் தடித்தால் வழி சுருங்கும். கயிற்றில் கட்டிய துணிப்பந்தை மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்தால் போதும். அப்போது கழன்று வரும் படலம் தொட்டிக்குள் போகாமல் வாயில் வலைப்பை கட்டிக்கொள்ளுங்கள்.

#22 காற்றழுத்தம்

போர் நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் இன்னொன்றும் வரும். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். குமிழி கரியமில வாயுவை வெளியேற்றும் இடத்தில் கார அமில நிலை ஏறுகிறது, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி ஒரு பக்கமே காற்று போகும். குழாயை வெளியே எடுத்து, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் நல்ல நீரில் இரண்டு முறை அலசி மாட்டுங்கள். தொட்டியில் இருக்கும்போதே ஆசிட் ஊற்றுவது கூடவே கூடாது, மீடியா பாக்டீரியா அழியும். ஒரே அளவில் இரண்டு காற்றுக் குழாய் கூடுதலாகச் செய்து வைத்துக்கொண்டால், ஒன்று ஊறும்போது மற்றது உள்ளே இருக்கும்.

#23 கொள்ளிடக்கரை

மிக்க நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒரு சந்தேகம்: ஏர்லிஃப்ட் அறையில் மட்டும் தரையைத் தோண்டி ஆழத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாக ஏறுமா?

#24 நீர்மட்டம்

ஏறும். 6 அங்குல கேசிங் பைப்பின் அடியை மூடி, தரைக்குக் கீழே அரை மீட்டர் புதைத்து, அதன் மேல்வாயை அறையின் தரையோடு கசிவில்லாமல் இணையுங்கள். 3 அங்குலப் பைப் அதற்குள் இறங்கி நிற்கும். கேசிங்குக்கும் பைப்புக்கும் இடையே நீர் இறங்கி, அடியில் திரும்பி உள்ளே ஏறும். காற்று விடும் ஆழம் 140 செ.மீ. ஆகிவிடும்.

ஆனால் அழுத்தமும் 140 மில்லிபார் ஆகும். அதே ரிங் ப்ளோயரில் வைத்தால் வளையம் வைத்திருக்கும் காற்றில் ஒரு துளிகூட அந்தப் பக்கம் வராது. டயாஃப்ரம் பம்ப்பைத் தனியாகக் கொடுத்தால் மட்டுமே இது பயன்படும், அதன் காற்றும் அந்த ஆழத்தில் எவ்வளவு குறையும் என்று வளைகோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேசிங் அடியில் எச்சம் சேரும். மேலிருந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க இடைவெளி இருக்கட்டும். எல்லாக் கலமும் ஒரே மட்டத்தில் இருந்து 5 செ.மீ. மட்டுமே ஏற்றுவதானால் உங்களுக்கு இந்தப் பள்ளம் தேவைப்படாது. இடவசதி இல்லாமல் மீடியா கலம் 20, 25 செ.மீ. உயரத்தில் மாட்டிக்கொண்டால் அப்போது தோண்டுங்கள்.